'இஸ்' என்று எழுதவா, 'வாஸ்' என்று எழுதவா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் 40 ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் உள்ள ஃப்ளூரைடு அளவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ஆய்வேட்டின் முதல் வரைவை ஆங்கிலத்தில் நிகழ்காலத்திலேயே எழுதினேன். நெறியாளர் பக்கத்துக்குப் பக்கம் 'இஸ்' என்பதை அடித்து 'வாஸ்' ஆக்கினார். அதைப் பார்த்துவிட்டு, ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை முழுக்க இறந்தகாலத்தில் எழுதினேன். 'காலங்கள் தவறாகக் கையாளப்பட்டுள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்துக' என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டார். யார் சொல்வது சரி? எங்கே எந்தக் காலம் என்று ஒரு விதி சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்ததால்தான் எனக்கு இது பிடிபடவில்லையா?
— ஆய்வு மாணவி, தர்மபுரி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆய்வேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் மொழி திருத்திக் கொடுப்பது என் தொழில். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களின் பக்கங்களிலும் இதே குழப்பம்தான் இருக்கிறது. பள்ளியில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொடுத்தது ஒன்றேதான்: முடிந்தது என்றால் இறந்தகாலம், நடந்துகொண்டிருப்பது என்றால் நிகழ்காலம். ஆய்வேட்டுக்கு வந்ததும் அந்தப் பாடம் கைவிட்டுவிடுகிறது. மாதிரி எடுத்தது முடிந்துவிட்டது, சோதித்தது முடிந்துவிட்டது, எனவே எல்லாமே 'வாஸ்' என்று ஒருவர் எழுதுகிறார். ஃப்ளூரைடு இன்னும் அந்த நீரில்தானே இருக்கிறது, எனவே எல்லாமே 'இஸ்' என்று இன்னொருவர் எழுதுகிறார். நீங்கள் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் நெறியாளரும் மதிப்பீட்டாளரும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. இருவரும் வெவ்வேறு வாக்கியங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட விதி இதுதான். ஆய்வு எழுத்தில் ஒரு வாக்கியத்தை இறந்தகாலத்தில் எழுதினால், 'அந்த நாளில், அந்த இடத்தில், அந்த மாதிரியில் இப்படி இருந்தது. அதற்கு அப்பால் நான் எதுவும் சொல்லவில்லை' என்று பொருள். நிகழ்காலத்தில் எழுதினால், 'இது இன்றும் உண்மை; வேறொருவர் போய்ப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்; அதற்கு நான் பொறுப்பு' என்று பொருள். கடிகாரத்தைப் பார்த்துக் காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறீர்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வினையின் காலம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பது தமிழருக்குப் புதிய செய்தியும் அல்ல. வீட்டுக்குள் சட்டை மாட்டிக்கொண்டே 'இதோ வந்துவிட்டேன்' என்று வாசலில் நிற்பவருக்குக் குரல் கொடுக்கிறோம். இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்தகாலம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் முக்காலமும் தம்முள் மாறி வரலாம் என்று நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை வந்தது என்பார்கள். மழை இனிமேல்தான் வரும், ஆனால் சொல்பவருக்கு அதில் ஐயமில்லை. பேசுபவரின் உறுதி வினையின் காலத்தை மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்திலும் உறுதிக்கும் காலத்துக்கும் உறவு உண்டு; அது அமையும் வழிதான் வேறு.

இனி உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு, தண்ணீரும் நோயும் பற்றியது. 1854ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, அதற்குப் பிராட் தெருவின் பொதுக் குழாயடிதான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டார். செப்டம்பரில் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தக் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் காலரா கெட்ட காற்றில் பரவுவதாக நம்பினர். இந்த இரண்டு கருத்துகளையும் இன்று ஆங்கிலத்தில் எழுதும்போது, மருத்துவர்களைப் பற்றிய வாக்கியத்தில் 'பிலீவ்ட் தட் காலரா ஸ்ப்ரெட் த்ரூ ஃபௌல் ஏர்' என்று எழுத வேண்டும். ஸ்னோவைப் பற்றிய வாக்கியத்தில் 'ஷோட் தட் காலரா ஸ்ப்ரெட்ஸ் த்ரூ கன்டாமினேட்டட் வாட்டர்' என்று எழுதலாம். இரண்டு கருத்துகளும் ஒரே காலத்தவை. இரண்டையும் சொன்னவர்கள் இறந்துவிட்டார்கள். ஆனால் 'ஸ்ப்ரெட்' என்பதற்கும் 'ஸ்ப்ரெட்ஸ்' என்பதற்கும் நடுவே உள்ள ஒரே ஒரு 'எஸ்', எது அவர்களோடு முடிந்துபோன நம்பிக்கை, எது இன்றைக்கும் நிற்கும் உண்மை என்று படிப்பவருக்குச் சொல்லிவிடுகிறது. எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

உங்கள் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்துக்கு இதுவே போதும். முன்னோர் செய்த வேலைக்கு இறந்தகாலம்: அவர் அளந்தார், கண்டார், அறிவித்தார். அவர் கண்டதை நீங்களும் பொது உண்மையாக ஏற்றால், 'தட்' என்பதற்குப் பின்னால் நிகழ்காலம். அவருடைய ஊரில் அவருடைய மாதிரியில் மட்டும் கண்டது என்று நினைத்தால், பின்னாலும் இறந்தகாலம். மேல்வகுப்பு இலக்கணப் புத்தகத்தில் 'முதல் வினை இறந்தகாலம் என்றால் அடுத்ததும் இறந்தகாலம்' என்று படித்திருப்பீர்கள். அந்தப் புத்தகத்திலேயே 'பொது உண்மைகளுக்கு இது பொருந்தாது' என்று அடியில் ஒரு வரி இருக்கும். ஆய்வாளருக்கு அந்த அடிவரிதான் முக்கியம்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய பக்கங்களிலிருந்து கட்டுரையின் ஒரு பத்தியைப் பார்ப்போம். ஐந்து வாக்கியங்களும் இறந்தகாலத்தில் இருக்கின்றன.

முதல் வாக்கியத்தில், ஆய்வுப் பகுதி தர்மபுரி மாவட்டத்தில் 'வாஸ் லொகேட்டட்' என்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்பீட்டாளருக்குச் சட்டென்று உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும். அந்த ஊர்கள் இடம் பெயர்ந்துவிட்டனவா என்ற கேள்வி எழும். 'இஸ் லொகேட்டட்' என்பதே சரி. நிலம், மலை, ஆறு, பாறை எல்லாவற்றுக்கும் நிகழ்காலம். ஆனால் அதே ஆய்வுப் பகுதி விளக்கத்தில் இறந்தகாலம் கட்டாயமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 15 லட்சம் பேர் 'இருந்தார்கள்'; இன்று எத்தனை பேர் என்பது வேறு. இன்னொன்றையும் வேறோர் இடத்தில் கவனித்தேன். பழைய ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி 'தர்மபுரி மாவட்டம்' என்று நிகழ்காலத்தில் எழுதிப்போகிறீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முந்தைய கட்டுரைகளில் வரும் தர்மபுரி மாவட்டத்தில் ஓசூரும் ஊத்தங்கரையும் அடங்கும். எனவே அங்கே 'இன்க்ளூடட்' என்று இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் எழுதித் தெளிவுபடுத்துங்கள். அதை எழுதாவிட்டால் உங்கள் 40 கிணறுகளையும் அவர்களுடைய கிணறுகளையும் ஒப்பிடுவதே தப்பாகிவிடும். இது மொழித் திருத்தம் மட்டும் அல்ல.

இரண்டாம் வாக்கியம்: நீர் மாதிரிகள் 2023 மே மாதம் 'ஹேட் பீன் கலெக்டட்'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியா முழுவதிலும் எழுதப்படும் ஆங்கிலத்தில் இந்த 'ஹேட்' தேவையில்லாத இடங்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்மைப் பொறுத்தவரை காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. 'நேற்று சேலம் போயிருந்தேன்' என்பது தமிழில் இயல்பான வாக்கியம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேட் கான்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேட்' வர வேண்டுமானால் இரண்டு பழைய நிகழ்வுகள் வேண்டும், அவற்றில் முந்தியதற்கே அது உரியது. மழை தொடங்குவதற்குள் மாதிரிகளை எடுத்து முடித்துவிட்டோம் என்று சொல்லும்போது, மழை 'பிகேன்', மாதிரிகள் 'ஹேட் பீன் கலெக்டட்'. உங்கள் வாக்கியத்தில் மே மாதம் மட்டும்தான் இருக்கிறது. 'வேர் கலெக்டட்' போதும். உங்கள் ஆய்வேட்டில் 'ஹேட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 'எதற்கு முன்னால்?' என்று கேளுங்கள். பதில் அந்த வாக்கியத்திலோ அதற்கு முந்தைய வாக்கியத்திலோ இல்லையென்றால் 'ஹேட்' போக வேண்டும்.

'ஹேவ்' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டோ மாதமோ நாளோ குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' வரக் கூடாது. 'ஹேவ் கலெக்டட் இன் மே 2023' என்பது தவறு. காலம் குறிப்பிடாமல், பலரும் செய்திருக்கிறார்கள், அதன் பயன் இன்றும் இருக்கிறது என்று சொல்லும்போது 'ஹேவ்' அழகாகப் பொருந்தும்: இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் 'ஹேவ் ரிப்போர்ட்டட்'.

மூன்றாம் வாக்கியம்: குடிநீரில் ஏற்கத்தக்க ஃப்ளூரைடு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் 'வாஸ்'. இது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற தரக் குறியீட்டில் உள்ள அளவு. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். இவை இன்றும் நடைமுறையில் உள்ளவை. 'வாஸ்' என்று எழுதினால், அந்த வரம்பு பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்றே விவரம் தெரிந்தவர் புரிந்துகொள்வார். 'இஸ்' என்று எழுதுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி வேறோர் இடத்தில் 'சப்ளைட்' என்று எழுதியிருப்பதும் இப்படித்தான். திட்டம் நின்றுவிட்டது போல ஒலிக்கிறது.

நான்காம் வாக்கியத்தில்தான் உங்கள் நெறியாளர் கை வைத்திருக்கிறார், சரியாகவே கை வைத்திருக்கிறார். ஆழம் மிகுந்த கிணறுகளில் ஃப்ளூரைடு அளவு அதிகம் என்பதை முதல் வரைவில் 'ஆர் ஹையர்' என்று எழுதியிருந்தீர்கள். அவர் அதை 'வேர் ஹையர்' ஆக்கினார். இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வேர்' என்றால், நான் அளந்த 40 கிணறுகளில், அந்த மே மாதத்தில், ஆழமானவற்றில் அதிகமாக இருந்தது. 'ஆர்' என்றால், ஆழமான கிணறுகள் என்றாலே அப்படித்தான். முதலாவதற்கு உங்கள் அட்டவணை சாட்சி. இரண்டாவதற்கு 40 கிணறுகள் சாட்சியாகுமா? மழைக்குப் பின் ஜனவரியில் அதே கிணறுகளில் அளந்தால், மழைநீர் இறங்கி அளவு மாறியிருக்கலாம். நீங்களே மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு முறை மாதிரி எடுத்திருக்கிறீர்கள்; காலத்துக்குக் காலம் மாறும் என்று தெரிந்துதானே எடுத்தீர்கள்? எனவே முடிவுகள் அத்தியாயம் முழுவதும் இறந்தகாலம். நெறியாளர் அங்கே 'இஸ்'களை அடித்தது, உங்களால் நிரூபிக்க முடியாத சொல்லை நீங்கள் சொல்லிவிடாதபடி காத்த செயல்.

ஐந்தாம் வாக்கியம்: 'டேபிள் 4 ஷோட்'. அட்டவணை படிப்பவரின் கண்ணெதிரே இருக்கிறது. 'ஷோஸ்'. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பிறகு வருவது விவாத அத்தியாயம். ஆய்வேட்டிலேயே கடினமானது இதுதான், காலத் தேர்விலும் இதுதான் கடினம். இங்கே ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு காலங்களும் வரும், வர வேண்டும். உங்கள் மாதிரிகளில் ஆழத்தோடு ஃப்ளூரைடு கூடியது என்பதற்கு 'இன்க்ரீஸ்ட்'. அது எதைக் காட்டுகிறது என்பதற்கு 'சஜெஸ்ட்ஸ்'. பாறைகள் சிதைவதால் ஃப்ளூரைடு நீரில் கலக்கிறது என்ற நிலவியல் உண்மைக்கு நிகழ்காலம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் கறை விழுகிறது என்பதற்கும் நிகழ்காலம். இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று, 'இது என் 40 கிணறுகளைப் பற்றியதா, நிலத்தடி நீரைப் பற்றியதா?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நிலத்தடி நீரைப் பற்றிப் பேச ஆசை, ஆனால் முழு உறுதி இல்லை என்றால், நிகழ்காலத்தோடு 'இருக்கலாம்' என்று பொருள் தரும் 'மே' என்ற துணைவினையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி எழுதுவதில் கூச்சம் வேண்டாம். அளவோடு சொல்பவரையே தேர்வாளர் நம்புவார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டச் சொன்னார்களே, அந்த அறிவுரையை நான் மனமார ஏற்கவில்லை. எழுத்துப்பிழையையும் சொல்லின் இடத்தையும் அவர் திருத்தித் தருவார். ஆனால் 'இன்க்ரீஸ்ட்' என்பதா, 'இன்க்ரீசஸ்' என்பதா என்பதை லண்டனில் பிறந்தவராலும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கிணறுகளின் ஆழமும், எத்தனை முறை அளந்தீர்கள் என்பதும், முடிவில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். காலத்தைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உங்களுக்கே இருக்கிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பணம் கொடுத்துத் திருத்திய கட்டுரைகளில், திருத்தியவர் மொழிநயத்துக்காக எல்லாவற்றையும் நிகழ்காலத்துக்கு மாற்றி, ஆய்வாளர் சொல்லாததையெல்லாம் சொன்னதாக்கிவிட்ட பக்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்முறை அத்தியாயத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நீங்கள் செய்ததெல்லாம் இறந்தகாலம், கருவி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்பது மட்டும் நிகழ்காலம். ஆனால் அங்கே சில இடங்களில் 'வில் பி கலெக்டட்', 'வில் பி அனலைஸ்ட்' என்று எதிர்காலம் அப்படியே நிற்கிறது. பதிவுக்காகக் கொடுத்த ஆய்வுத் திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திட்டம் கொடுக்கும்போது அது சரி. இப்போது தேர்வாளர் படித்தால், வேலை இன்னும் நடக்கவில்லை என்று பொருளாகும்.

'வில்' இன்னொரு வழியாகவும் நுழைகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், மழை பெய்தால் அளவு குறையும் என்று தமிழில் பொது உண்மைகளை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். ஆங்கில ஆய்வு நடையில் அவை 'பாய்ல்ஸ்', 'டிக்ரீசஸ்' என்று நிகழ்காலமாக வர வேண்டும். 'வில் டிக்ரீஸ்' என்றால் இனிமேல் குறையப்போகிறது என்று நீங்கள் ஆரூடம் சொல்வதுபோல் ஆகும். உங்கள் விவாத அத்தியாயத்தில் உள்ள 'வில்'களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நான் சொன்ன இந்தப் பங்கீட்டைக் காட்டி நெறியாளரிடம் பேச வேண்டியிருந்தால், அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பு, முந்தைய ஆய்வுகளையும் செய்முறையையும் சொல்ல இறந்தகாலம் அல்லது 'ஹேவ்' வடிவம், முடிவுகளுக்கு இறந்தகாலம், விவாதத்தில் முடிவுகளின் பொருளை விளக்கவும் முடிவுரைக்கும் நிகழ்காலம் என்று பரிந்துரைக்கிறது. எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தாது. ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழி உங்கள் விடுதியில் இருந்தால், அவர் எழுதுவதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். ஒரு நூலுக்குள் நடப்பதையும் அதன் ஆசிரியர் சொல்வதையும் இலக்கியத் துறையினர் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். வள்ளுவர் 'செஸ்' (சொல்கிறார்) என்பார்கள், ஆனால் அவர் 'லிவ்ட்' (வாழ்ந்தார்) என்பார்கள். வாழ்ந்தது முடிந்தது, சொன்னது இன்றும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு துறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான், நீங்கள் அவர்கள் வடிவத்தைக் கடன் வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

நெறியாளரிடம் 'இஸ்' சரியா 'வாஸ்' சரியா என்று கேட்காதீர்கள். 'ஐயா, இந்த வாக்கியத்தை எல்லாக் கிணறுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லலாமா, நம் மாதிரியோடு நிறுத்திக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள். முதல் கேள்வி அவருடைய ஆங்கிலத்தைச் சோதிப்பதுபோல் ஒலிக்கும். இரண்டாவது அவருடைய துறை அனுபவத்தைக் கேட்கும், பதிலும் நன்றாக வரும்.

ஆய்விதழுக்குத் திருத்தி அனுப்பும்போது, மதிப்பீட்டாளருக்குத் தனியாக ஒரு பதில் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதில் 'வில் கரெக்ட்' என்று எழுதிவிடாதீர்கள், திருத்தி முடித்த பிறகுதான் அந்தக் கடிதம் போகிறது. செய்து முடித்த திருத்தங்களுக்கு 'ஹேவ் ரிவைஸ்ட்' என்று எழுதுங்கள். குறிப்பிட்ட வரி இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்கு 'நவ் ரீட்ஸ்' என்று எழுதி, திருத்திய வாக்கியத்தை முழுமையாகக் கொடுங்கள். 'ஆர் ஹையர்' என்பதை 'வேர் ஹையர்' என்று வைத்துக்கொண்ட இடத்துக்கு மட்டும் ஒரு வரி காரணம் சேருங்கள்: இது மே 2023இல் எடுத்த மாதிரிகளுக்கு மட்டும் உரிய முடிவு என்று.